பல் பார்த்து மாடு, எதைப் பார்த்து பழைய பைக்?

மறைமலை நகர்ல ஷிப்டு மாறுற நேரத்துக்கு ஜிஎஸ்டி ரோட்டு ஓரம் நின்னீங்கன்னா, சிங்கப்பெருமாள் கோயில்ல திரும்பி ஒரகடம் போற பைக்குகளைப் பார்க்கலாம். அதில் எத்தனையோ வண்டி செகண்ட் ஹேண்ட், சிலது மூணாவது ஓனர் கையில். காரணம் இருக்கு. கம்பெனி பஸ் மெயின் ரோட்டோட நின்னுடும், உள்ளே இருக்கிற ஊர்களுக்கு வராது. கான்ட்ராக்ட் வேலை கிடைச்ச பையனுக்கு முதல் சம்பளம் வர்றதுக்கு முன்னாடியே வண்டி வேணும். அந்தக் காசு நவரை நெல் போட்ட காசாகவோ, ஒரு கறவை மாட்டை வித்த காசாகவோதான் இருக்கும். நடுராத்திரி கன்டெய்னர் லாரி போற ரோட்டில் பிரேக் பிடிக்கலேன்னா என்ன ஆகும்னு சொல்ல வேண்டியதில்லை.

அதனால "இந்த வண்டியை நம்பலாமா?" என்பது எங்க பக்கம் பெரிய கேள்வி. அதுக்குப் பதில் தேடுற முறைக்கும் ஒரு சரித்திரம் இருக்கு. அது பைக்கில் ஆரம்பிக்கவில்லை, மாட்டுச் சந்தையில் ஆரம்பித்தது.

மாடு வாங்கப் போனா முதல்ல வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பாங்க. ரெண்டு பல்லுன்னா ரெண்டு, ரெண்டரை வயசு. நாலு, ஆறுன்னு ஏறி, எட்டும் விழுந்து கடை சேர்ந்துட்டா முழு மாடு. அதுக்கப்புறம் தேய்மானத்தை வெச்சுத்தான் வயசைச் சொல்லணும். வயசு சொல்ற வாய் பொய் சொல்லலாம், பல் பொய் சொல்லாது. ஆனா ஏமாத்துறவனும் சும்மா இருக்க மாட்டான். கொம்பைச் சீவி எண்ணெய் தடவி இளசாக் காட்டுவான். கறவை மாட்டை முதல் வேளை கறக்காமலே விட்டு, மடி நிறையப் பால் கட்டிக்கிட்டு நிக்கிற மாதிரி ஓட்டிட்டு வருவான். அதனாலதான் விவரம் தெரிஞ்சவங்க ரெண்டு வேளை கறந்து பார்த்து வாங்கினாங்க. உழவு மாடுன்னா ஏர்ல பூட்டி நடக்க விட்டுப் பார்த்தாங்க.

இதுக்கெல்லாம் மேல ஒரு கேள்வி இருந்தது. தரகர் துண்டுக்கு அடியில விரலைப் பிடிச்சு விலை பேசறதுக்கு முன்னாடியே பெரியவங்க அதைக் கேட்டுடுவாங்க: "ஏம்ப்பா விக்கிற?" மழை பொய்த்து வைக்கோல் இல்லாம விக்கிற மாடு நல்ல மாடு. பொண்ணு கல்யாணத்துக்கு விக்கிற மாடும் நல்ல மாடுதான். காரணமே சொல்லாம, நல்ல தீவனக் காலத்துல ஒருத்தன் மாட்டை ஓட்டிட்டு வந்தா, அந்த மாட்டை ரெண்டு தடவை சுத்தி வந்து பார்க்கணும்.

எங்க பக்கம் மோட்டார் சைக்கிள்னா முதல்ல புல்லட்தான். மெட்ராஸ் மோட்டார்ஸ் இங்கிலாந்துக் கம்பெனியோட சேர்ந்து 1955-இல் என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கியது. திருவொற்றியூரில் வண்டி வந்தது. அப்போ ஒரு ஊருக்கு ஒரு புல்லட் இருந்தாலே பெரிய விஷயம். அதை வாங்க நினைக்கிறவனுக்கு யாரும் எதையும் சொல்லித் தர வேண்டியதில்லை. அந்த வண்டி எங்கே விழுந்தது, எந்த மெக்கானிக் இன்ஜினைப் பிரிச்சார்னு ஊருக்கே தெரியும். வண்டியைப் பார்க்கறதும் எளிது. நிறுத்தின இடத்துல எவ்வளவு ஆயில் சிந்தியிருக்குன்னு பாரு. ஆம்பியர் மீட்டர் முள்ளை நடுவுக்குக் கொண்டு வந்து, டிகம்ப்ரஷன் லிவரைப் பிடிச்சு உதைச்சா எத்தனை உதையில் எடுக்குதுன்னு எண்ணு. டேப்பட் சத்தம்னா சரி பண்ணிக்கலாம், அடியில இருந்து 'டொக் டொக்'னு கனமான சத்தம் வந்தா கிராங்க் போச்சு, கும்பிடு போட்டுட்டு வா. அவ்வளவுதான்.

அடுத்த இருபது வருஷம் தட்டுப்பாட்டுக் காலம். எவ்வளவு வண்டி செய்யலாம்னு அரசாங்கம் லைசென்ஸ் கொடுத்த காலம். பஜாஜ் ஸ்கூட்டருக்குப் பணம் கட்டிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்தாங்க. அதனால ஓடின ஸ்கூட்டர் புது ஸ்கூட்டரை விட அதிக விலைக்குப் போன கதை பட்டணத்துப் பெரியவங்களுக்கு நினைவிருக்கும். மோட்டார் சைக்கிளில் புல்லட்டை விட்டா மைசூரில் 1961 முதல் வந்த ஜாவா, பிறகு அதுவே யெஸ்டி. இன்னொரு பக்கம் எஸ்கார்ட்ஸின் ராஜ்தூத், பால்கேன் கட்டறவங்களோட வண்டி. அந்தக் காலத்துல "வண்டி நல்லா இருக்கா"ன்னு கேட்டதை விட "சாமான் கிடைக்குமா"ன்னு கேட்டதுதான் அதிகம். சாமான் இல்லேன்னா புதுப்பேட்டை. பழைய வண்டியைப் பிரிச்சு விக்கிற அந்தத் தெருக்கள் இல்லாம செங்கல்பட்டுப் பக்கத்து மெக்கானிக் பிழைப்பு ஓடியிருக்காது.

எண்பதுகளின் நடுவில் எல்லாம் மாறியது. ஜப்பான் கம்பெனிகளோட கூட்டுச் சேர்ந்து 100 சிசி வண்டிகள் வந்தன. ஓசூரில் இண்ட்-சுசுகி, வடக்கே ஹீரோ ஹோண்டா, எஸ்கார்ட்ஸோடு யமஹா, பஜாஜோடு கவாசாகி. இங்கேதான் ஒரு வேடிக்கை நடந்தது. அதுவரை புல்லட்டை விட்டா புகைங்கிறது வண்டியோட குணம். யெஸ்டி, ராஜ்தூத், ஆர்.எக்ஸ். 100 எல்லாம் டூ ஸ்ட்ரோக். பெட்ரோலோடு ஆயிலும் சேர்ந்து எரியும், புகை வரத்தான் செய்யும். ஹீரோ ஹோண்டா சி.டி. 100 ஃபோர் ஸ்ட்ரோக். அதில் ஆயில் தனியா கீழே இருக்கும், எரியக் கூடாது. நீலப் புகை வந்தா பிஸ்டன் ரிங்கோ வால்வு சீலோ தேஞ்சு ஆயில் மேலே ஏறுதுன்னு அர்த்தம். ஒரு வண்டியில் குணமா இருந்தது இன்னொரு வண்டியில் நோய். பழைய பழக்கத்துல "புகை இருந்தா என்ன, எல்லா வண்டியும் புகையத்தானே செய்யும்"னு சொல்லி வாங்கினவங்களுக்கு அந்த வித்தியாசம் இன்ஜின் வேலைக்குக் காசு கொடுக்கும்போதுதான் தெரிஞ்சது.

வண்டி மாறினது போல ஊரும் மாறியது. 1980-இல் சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம் மறைமலை அடிகள் பெயரில் இந்தத் துணை நகரத்தை உருவாக்கியது. தொண்ணூறுகளில் இங்கே ஃபோர்டு, இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய். 2006-இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா, 2010-இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான். எங்கெங்கேயிருந்தோ ஆளுங்க வந்தாங்க, வாடகைக்கு இருந்தாங்க, வேலை முடிஞ்சதும் போனாங்க. நோக்கியா 2014-இல் உற்பத்தியை நிறுத்தியது, ஃபோர்டு 2022-இல். வண்டிகள் கை மாறிக்கிட்டே இருந்தன. ஆனா வண்டியோட கதை கை மாறல. அந்தப் புல்லட்டைப் பத்தி ஊருக்கே தெரிஞ்ச மாதிரி, இந்த வண்டியைப் பத்தி யாருக்கும் தெரியாது. விக்கிறவனுக்கு மட்டும் தெரியும்.

இதைப் பத்தி அமெரிக்கப் பொருளாதார அறிஞர் ஜார்ஜ் அகர்லாஃப் 1970-இல் ஒரு கட்டுரை எழுதினார். 2001-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்ததற்கு அதுவும் ஒரு காரணம். பழைய கார் சந்தையை வெச்சு அவர் சொன்னது இது: எது நல்லது, எது கெட்டதுன்னு வாங்குறவனுக்குத் தெரியலேன்னா எல்லாத்துக்கும் நடுத்தர விலைதான் கொடுப்பான். அந்த விலைக்கு நல்ல வண்டிக்காரன் விக்க மாட்டான், கெட்ட வண்டிக்காரன் சந்தோஷமா விப்பான். கடைசியில் சந்தையில் கெட்டதே மிஞ்சும். அவர் ஒரு வருஷம் இந்தியாவில் இருந்தவர். அதே கட்டுரையில், கடையில் வாங்கின அரிசியில் வேணும்னே கலந்த கல்லை நம்ம ஊர்ப் பெண்கள் பொறுக்குறதையும் உதாரணமாச் சொல்லியிருக்கார். நெல் விளைவிக்கிறவனுக்கு இது புரியாம இருக்குமா?

அவர் கணக்கை வெச்சுப் பார்த்தா, எங்க பெரியவங்க கேட்ட "ஏன் விக்கிற?"ங்கிற கேள்வியோட அருமை தெரியும். வேலை முடிஞ்சு சொந்த ஊருக்குப் போறவன், கல்யாணமாகி கார் வாங்கினவன், வெளிநாடு போறவன் — இவங்க வண்டி கெட்டதுன்னு விக்கல, விக்க வேண்டிய கட்டாயத்துல விக்கிறாங்க. பஞ்சத்துல வித்த மாடு மாதிரி. காரணத்தைக் கேளுங்க, அந்தக் காரணம் உண்மையான்னு விசாரிங்க. பாதி வேலை அங்கேயே முடிஞ்சிடும்.

மீதிப் பாதி வண்டியைப் பார்க்கறது. போனதும் முதல்ல இன்ஜின் மேல கையை வைங்க. சூடா இருந்தா, நீங்க வர்றதுக்கு முன்னாடியே ஸ்டார்ட் பண்ணி வெச்சிருக்கான்னு அர்த்தம். கறக்காம விட்ட மடி மாதிரிதான் இதுவும். ஆற விட்டு, நீங்களே ஸ்டார்ட் பண்ணுங்க. அடுத்து பல். ஆமாம், வண்டிக்கும் பல் உண்டு. பின் சக்கர ஸ்பிராக்கெட் பல் கொக்கி மாதிரி வளைஞ்சு கூராயிருந்தா நிறைய ஓடின வண்டி. மீட்டர் 20,000-ன்னு காட்டும், ஃபுட்ரெஸ்ட் ரப்பரும் பிரேக் பெடலும் வழவழன்னு தேஞ்சிருக்கும். மீட்டரை நம்பாதீங்க, ரப்பரை நம்புங்க. டயர் ஓரத்துல நாலு இலக்கம் இருக்கும்: 2319-ன்னா 2019-ஆம் வருஷம் 23-ஆவது வாரம் செஞ்சது. சென்டர் ஸ்டாண்ட் போட்டு முன் சக்கரத்தைத் தூக்கி ஹேண்டில்பாரை மெல்லத் திருப்புங்க. நடுவுல ஒரு இடத்துல மாட்டினா கோன் செட் போயிருக்கு. பிரேக்கை விட்டு விட்டு, மெதுவாவும் வேகமாவும் பிடிச்சுப் பாருங்க.

எங்க பக்கத்துக்குன்னு தனியா ஒண்ணு இருக்கு: வெள்ளம். 2015 டிசம்பரில் அடையாறு பெருகி முடிச்சூர், வரதராஜபுரம் பக்கமெல்லாம் வீட்டுக்குள்ளே தண்ணி நின்னது. நிறுத்தி வெச்ச வண்டிகளும் முங்கின. அதுக்கப்புறமும் வெள்ளம் வந்துக்கிட்டுத்தான் இருக்கு. முங்கின வண்டியைக் கழுவிப் பாலிஷ் போட்டா வெளியே தெரியாது. சீட்டைக் கழட்டி உள்ளே சேறு காய்ஞ்ச கோடு இருக்கான்னு பாருங்க. ஒயர் இணைப்புல பச்சைப் பூப்பு, ஹெட்லைட்டுக்குள்ள துரு, பால் டீ நிறத்துல இன்ஜின் ஆயில் — இதுல எது இருந்தாலும் கிளம்பிடுங்க.

2020 ஏப்ரலில் பி.எஸ். 6 வந்த பிறகு அடையாளம் மறுபடியும் மாறிப்போச்சு. கார்புரேட்டர் போய் ஃப்யூவல் இன்ஜெக்ஷன் வந்தது. காதை வெச்சே நோயைச் சொன்ன மெக்கானிக்குக்கு இப்போ பாதிதான் கேட்கும். சாவி போட்டதும் மீட்டரில் இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரியணும், ஸ்டார்ட் ஆனதும் அணையணும். அணையலேன்னா கோளாறு. எரியவே இல்லேன்னா இன்னும் மோசம், யாரோ அதன் வாயை அடைச்சிருக்காங்க.

கடைசியா பேப்பர். மாட்டுக்குச் சாட்சி ஊர், வண்டிக்குச் சாட்சி ஆர்.சி. சேசிஸ் நம்பரும் இன்ஜின் நம்பரும் அதில் உள்ளபடியே இருக்கணும். சுரண்டி அடிச்ச எழுத்து தெரிஞ்சா, குறிப்பா 1996-லேயே நின்னுபோன ஆர்.எக்ஸ். 100 மாதிரி கிராக்கி வண்டின்னா, தொடவே தொடாதீங்க. ஆர்.சி.யில் ஃபைனான்ஸ் பேர் இருந்தா கடன் தீர்ந்த கடிதமும் படிவம் 35-ம் வாங்குங்க. பேர் மாத்த படிவம் 29, 30. மோட்டார் வாகனச் சட்டப்படி மாநிலத்துக்குள் வித்தவர் 14 நாளில், வாங்கினவர் 30 நாளில் தெரிவிக்கணும். "அப்புறம் மாத்திக்கலாம்"னு விட்டா, விபத்து நடந்தா ஆர்.சி.யில் பேர் இருக்கிறவர்தான் பொறுப்புன்னு 2018-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கு. வித்தவருக்கும் ஆபத்து, வாங்கினவருக்கும் வம்பு.

இன்னைக்கு ராயல் என்ஃபீல்டு ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் வண்டி செய்யுது, யமஹாவும் வல்லம் வடகாலில் செய்யுது. நாட்டுக்கே பைக் செஞ்சு அனுப்புற இடத்துல இருந்துக்கிட்டு எங்க ஊர்ப் பசங்க ஓட்டுறது இன்னும் செகண்ட் ஹேண்ட்தான். அது இப்போதைக்கு மாறாது. ஆனா ஒரு மாட்டோட விலையைக் கொண்டு போய் ஒரு வண்டியில் போடுறவங்க, மாட்டுக்குக் காட்டின பொறுமையையாவது வண்டிக்கும் காட்டணும். ரெண்டு வேளை கறந்து பார்த்த மாதிரி, ரெண்டு தடவை போய்ப் பாருங்க. முதல் தடவை சொன்ன காரணத்தையே ரெண்டாவது தடவையும் சொல்றானான்னு கேளுங்க.