ஏழு சீட்டு ஸ்டட் ஹை-லோ

ஏழு சீட்டு ஸ்டட் ஹை-லோ என்பது அமெரிக்காவில் உருவான போக்கர் வகைகளுள் ஒன்றாகும். வழக்கமான போக்கரில் வலுவான ஐந்து சீட்டுகளைச் சேர்த்தவர் பந்தயப் பணம் முழுவதையும் எடுத்துக்கொள்வார். இவ்வாட்டத்தில் பணத்தின் ஒரு பாதி மிக உயர்ந்த சேர்க்கைக்கும், மறுபாதி மிகத் தாழ்ந்த சேர்க்கைக்கும் செல்கிறது.

தோற்றம்

19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் மிசிசிப்பி ஆற்றுப் படகுகள் வழியே போக்கர் பரவியது. சில சீட்டுகளைத் திறந்து வைக்கும் ஸ்டட் முறை, அமெரிக்க உள்நாட்டுப் போர்க் காலத்தையொட்டி (1861–1865) வழக்கத்துக்கு வந்தது. முதலில் ஐந்து சீட்டுகளே போடப்பட்டன. 20ஆம் நூற்றாண்டில் ஏழு சீட்டு ஸ்டட் செல்வாக்குப் பெற்றது. அதன் கிளையாகவே பணத்தைப் பிரிக்கும் ஆட்டம் வளர்ந்தது.

ஆடும் முறை

ஆட்டம் தொடங்குமுன் அனைவரும் ஒரு சிறு தொகை வைப்பர். ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டுகள் மூடியும் ஒன்று திறந்தும் தரப்படும். திறந்த சீட்டு மிகச் சிறியதாக உள்ளவர் முதல் பந்தயம் கட்ட வேண்டும். அடுத்த மூன்று சீட்டுகள் திறந்தும், ஏழாவது மூடியும் வரும். மொத்தம் ஐந்து சுற்றுப் பந்தயம். எட்டுப் பேரும் இறுதிவரை நின்றால் 56 சீட்டுகள் தேவை. கட்டில் உள்ளவை 52 மட்டுமே. சீட்டு போதாதபோது, கடைசிச் சீட்டாக அனைவருக்கும் பொதுவாக ஒன்று திறக்கப்படும்.

உயர்ந்த சேர்க்கைக்கும் தாழ்ந்த சேர்க்கைக்கும் ஏழு சீட்டுகளிலிருந்து தனித்தனியே ஐந்தைத் தேர்ந்தெடுக்கலாம். தாழ்ந்த சேர்க்கையை அதன் மிகப் பெரிய சீட்டிலிருந்து ஒப்பிட வேண்டும். எனவே 7-5-4-2-ஏஸ், 8-4-3-2-ஏஸை வெல்லும். ஏஸ் இருபுறமும் பயன்படும். ஏஸ்-2-3-4-5 மிகச் சிறந்த தாழ்ந்த சேர்க்கை. அதுவே வரிசை என்பதால் உயர்ந்த பக்கத்திலும் வெல்லக்கூடும்.

எட்டு என்ற எல்லை

தொடக்க கால ஆட்டங்களில் தாழ்ந்த பக்கத்துக்கு எல்லை இல்லாதிருந்தது. இது சமமற்றதாயிற்று. இரண்டு ராஜாக்களுடன் தொடங்கியவர் பெரும்பாலும் பாதிப் பணத்துக்கே போராடினார். மூன்று சிறு சீட்டுகளுடன் தொடங்கியவரோ, வரிசை அமைந்தால் இரு பாதிகளையும் அள்ளினார். இதனைச் சரிசெய்ய வந்ததே எட்டு விதி: தாழ்ந்த சேர்க்கையின் ஐந்து சீட்டுகளும் வெவ்வேறு எண்களாகவும், எட்டுக்கு மேற்படாமலும் இருக்க வேண்டும். எவருக்கும் அவ்வாறு அமையாவிட்டால் பணம் முழுவதும் உயர்ந்த சேர்க்கைக்கே.

இவ்விதியால் திறந்த சீட்டுகளைக் கவனிப்பது முக்கியமாயிற்று. எதிரியிடம் எட்டுக்கு மேற்பட்ட மூன்று சீட்டுகள் தெரிந்தால், ஏழில் எஞ்சுவது நான்கே; அவரால் தாழ்ந்த பக்கம் செல்ல முடியாது.

பாதியின் கணக்கு

இருவர் ஆளுக்கு 100 டாலர் வைத்துப் பாதி வென்றால், கிடைப்பது தம் 100 டாலரே. மூவர் வைத்தால் பாதி 150. இலாபம் 50 மட்டும். ஆகவே பாதிக்காக மட்டும் துரத்துபவர், சில வேளை வென்றாலும் நாளடைவில் இழப்பார். இரு பாதிகளையும் வெல்லக்கூடிய சீட்டுகளுடன் தொடங்குவதே இவ்வாட்டத்தின் அடிப்படை.

பின்னாளில்

உலகப் போக்கர் தொடரில் 1978இல் இவ்வகைப் போட்டியை வென்றவர் சிப் ரீஸ். டெக்சாஸ் ஹோல்டெம் பரவியபின் ஸ்டட் மேசைகள் குறைந்தன. ஆயினும் ஐந்து போக்கர் வகைகளை மாறி மாறி ஆடும் 'ஹார்ஸ்' போட்டியில் எட்டு விதி கொண்ட இவ்வாட்டம் ஐந்தாவதாக நிலைத்தது. 2006இல் 50,000 டாலர் நுழைவுக் கட்டணத்துடன் நடந்த ஹார்ஸ் போட்டியையும் ரீஸே வென்றார்.