இருண்ட பக்கங்கள் – 14: படிவத்தில் ஒரு கூட்டல் குறி

கோவையில் பஞ்சாலைகளும் பட்டறைகளும் பெருகிய 1930களில், ஜெர்மனி என்றால் நம் ஊர்க்காரர்களுக்கு இயந்திரங்கள்தான். கோவைத் தொழிலதிபர் ஜி.டி. நாயுடுவும் அந்தக் காலத்தில் அங்கே போய்வந்தவர். அதே ஜெர்மனி, நாஜி ஆட்சியில், 1933 ஜூலையில் இன்னொரு வேலையையும் தொடங்கியிருந்தது. பரம்பரை நோய் உள்ளவர்கள் என்று முத்திரை குத்தி, சுமார் 4 லட்சம் பேருக்குக் கட்டாயக் கருத்தடை செய்ய வழிவகுத்த சட்டம் அப்போதுதான் வந்தது.

அடுத்த கட்டம் 1939 ஆகஸ்ட் 18. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளிடம் பிறவிக் குறைபாடு தெரிந்தால், மருத்துவரும் மருத்துவச்சியும் அரசுக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும் என்று உள்துறை அமைச்சகம் உத்தரவிட்டது. அந்தப் படிவம் பெர்லின் வழியாக மூன்று நிபுணர்களிடம் போகும். குழந்தையை அவர்கள் பார்ப்பதே இல்லை. படிவத்தில் கழித்தல் குறி போட்டால் பிள்ளை பிழைக்கும். கூட்டல் குறி போட்டால் சாவு.

பெற்றோரிடம் சொல்லப்பட்டதோ வேறு: ‘புதிய சிகிச்சை இருக்கிறது, சிறப்புப் பிரிவுக்கு அனுப்புங்கள்.’ மனநல மருத்துவமனைகளில் இப்படி முப்பதுக்கும் மேற்பட்ட பிரிவுகள் இயங்கின. அங்கே லூமினால் என்ற தூக்க மருந்தை அளவு மீறிக் கொடுத்தார்கள். சில இடங்களில் பட்டினி போட்டார்கள். வீட்டுக்குப் போன கடிதத்தில் காரணம் ‘நிமோனியா’. குறைந்தது 5,000 குழந்தைகள் இப்படி இறந்தார்கள். வியன்னாவின் ஸ்பீகல்குருண்ட் நிலையத்தில் மட்டும் 789 பேர். அவர்களில் பலரின் மூளைகள் ஆய்வுக்கென்று ஜாடிகளில் வைக்கப்பட்டு, 2002இல்தான் அடக்கம் செய்யப்பட்டன. கவ்ஃபாய்ரன் மருத்துவமனையில் நான்கு வயது ரிச்சர்ட் யென்னே கொல்லப்பட்டது 1945 மே 29 அன்று. ஜெர்மனி சரணடைந்து மூன்று வாரம் கடந்திருந்தது. அமெரிக்கப் படை அந்த ஊரிலேயே இருந்தது.

இனி நம் பக்கம். ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடி. தர்காவின் தண்ணீரும் அங்கே எரியும் விளக்கின் எண்ணெயும் மனநோயைத் தீர்க்கும் என்று நம்பி, எல்லா மதத்தவரும் பிள்ளைகளை, உடன்பிறந்தவர்களை அங்கே கொண்டுபோய் விட்டார்கள். சுற்றிலும் தனியார் காப்பகங்கள் முளைத்தன. 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலையில் மொய்தீன் பாதுஷா காப்பகத்தின் ஓலைக் கொட்டகை தீப்பிடித்தது. உள்ளே நாற்பதுக்கும் மேற்பட்டோர், பெரும்பாலோர் சங்கிலியில். 25 பேர் அங்கேயே கருகினார்கள். இறந்தவர்கள் மொத்தம் 28 பேர்.

இரண்டையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. அங்கே நடந்தது அரசே திட்டமிட்ட கொலை. இங்கே யாரும் சாவைத் திட்டமிடவில்லை. அங்கே ஒவ்வொரு சாவுக்கும் படிவம், கையெழுத்து, முத்திரை எல்லாம் இருந்தன. இங்கே உரிமம் கட்டாயம் என்று 1987ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் சொல்லியும், அதைக் கேட்டுப் பார்க்க ஆள் வரவில்லை. ஆனால் ‘சிகிச்சை’ என்ற நம்பிக்கையில் வீட்டார் ஒப்படைத்ததும், ஒப்படைத்தபின் சுவருக்குள் நடப்பது வெளியே தெரியாமல் போனதும் இரண்டு இடத்துக்கும் பொது.

தீ விபத்துக்கு ஒரு வாரம் கழித்து ஏர்வாடிக் காப்பகங்கள் மூடப்பட்டு, 500க்கும் மேற்பட்டோர் அரசுப் பராமரிப்புக்கு வந்தார்கள். உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்து, நாடெங்கும் இத்தகைய இடங்களைக் கணக்கெடுக்கச் சொன்னது. காப்பகம் நடத்தியவர்களுக்கு 2007இல் சிறைத் தண்டனை கிடைத்தது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் எந்த வடிவிலும் சங்கிலியிடக் கூடாது என்கிறது. பதிவு பெறாத நிலையம் நடத்துவதையும் தடுக்கிறது.

கோவையிலோ ஈரோட்டிலோ சேலத்திலோ உறவினர் ஒருவரைக் காப்பகத்தில் சேர்க்கப் போகிறவர்கள், கட்டணம் எவ்வளவு என்று விசாரிப்பதற்கு முன் கேட்க வேண்டியவை மூன்று: பதிவுச் சான்று எங்கே? மனநல மருத்துவர் எப்போது வருகிறார்? முன்னறிவிப்பில்லாமல் வந்து பார்க்க விடுவீர்களா? பதில் சொல்லத் தயங்கும் இடத்தில் யாரையும் விட்டுவிட்டு வராதீர்கள்.

(தொடரும்)