கண்ணாடிப் பெட்டியும் ஓடும் எந்திரமும்

அருங்காட்சியகம் என்பதே ஓர் அதிகாரம்தான். எதை வைப்பது, எதை ஒளிப்பது, பார்க்க வருகிறவரை எவ்வளவு தூரத்தில் நிறுத்துவது என்பதையெல்லாம் அது தீர்மானிக்கிறது. 'தொடாதே' என்கிற பலகை பொருளைக் காப்பாற்றுகிறது, சரி. அந்தப் பொருளைச் சுற்றி நடந்த உழைப்பு அதே பலகையால் பார்வையிலிருந்து அகற்றப்பட்டும் விடுகிறது. கண்ணாடிக்குப் பின்னால் செத்துக் கிடக்கும் பழைய கணிப்பொறியைப் பார்க்கிறவர், 'அடேயப்பா, எவ்வளவு பெரிய அலமாரி!' என்று சொல்லிவிட்டு நகர்ந்து போகிறார். யாரு இதை ஓட்டுனது? பக்கத்துல எவ்வளவு நேரம் நின்னாங்க? இந்தக் கேள்விகள் எழுவதே இல்லை.

இங்கிலாந்தின் பிளெட்ச்லி பார்க்கில் உள்ள கொலோசஸ் எந்திரத்தின் கதையை இந்தப் பின்னணியில் வாசிக்க வேண்டும்.

கொலோசஸ் எனிக்மாவை உடைத்தது என்று இன்றும் பலர் எழுதுகிறார்கள், அது தவறு. ஹிட்லரின் உயர் தளபதிகள் தொலையச்சில் பயன்படுத்திய, 12 சக்கரங்கள் கொண்ட லோரன்ஸ் சங்கேதத்துக்கு எதிராகவே அது கட்டப்பட்டது. வடிவமைத்தவர் டாமி ஃபிளவர்ஸ். 1905இல் கிழக்கு லண்டனில் ஒரு கொத்தனாரின் மகனாகப் பிறந்தவர். அஞ்சல் துறையின் டாலிஸ் ஹில் ஆய்வு நிலையப் பொறியாளர். ஆயிரக்கணக்கில் வால்வுகளைச் சேர்த்தால் நிற்காது, ஏதாவது ஒன்று எரிந்துகொண்டே இருக்கும் என்பது அன்றைய நிபுணர்களின் தீர்ப்பு. தொலைபேசி இணைப்பக வேலையில் ஃபிளவர்ஸ் கற்றது வேறு: அணைத்து அணைத்துப் போடாமல் எரியவிட்டால் வால்வு நீடித்து உழைக்கும். இது பல்கலைக்கழக அறிவல்ல, பணிமனை அறிவு. 1944 தொடக்கத்தில் முதல் எந்திரம் பிளெட்ச்லியில் ஓடியது. துளையிட்ட காகித நாடாவை வினாடிக்கு 5000 எழுத்துகள் வேகத்தில் படித்தது. போர் முடியும்போது பத்து எந்திரங்கள் இருந்தன.

ஓட்டியவர்கள் பெண்கள். போர் முடிவில் அந்தப் பிரிவில் கடற்படையின் துணைப் படையைச் சேர்ந்த 272 பெண்களும் 27 ஆண்களும் பணியில் இருந்தார்கள். வளைய நாடாவை மாட்டுவது, செருகிகளையும் விசைகளையும் அமைப்பது, எண்ணிக்கையைக் குறிப்பது எல்லாம் அவர்கள் வேலை. நாடா சுற்றும் சட்டகத்துக்கு 'கட்டில்' என்று பெயர். கணிப்பொறி வரலாறு என்கிற பெருங்கதையாடலில் இவர்களுக்கு நீண்டகாலம் இடமில்லை. இருக்கிற நிழற்படத்திலும் எந்திரத்தின் அளவு தெரியப் பக்கத்தில் நிறுத்தப்பட்டவர்கள் போலவே வாசிக்கப்பட்டார்கள்.

போருக்குப் பின் அரசு இரண்டு எந்திரங்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றைப் பிரித்துப் போட்டது. உத்தரவுப்படி ஃபிளவர்ஸ் தன் ஆவணங்களைத் தானே கொதிகலன் தீயில் போட்டார். 1970களின் நடுப்பகுதி வரை மௌனம். அந்த இடைவெளியில், 'முதல் மின்னணுக் கணிப்பொறி' என்கிற இடத்தில் அமெரிக்காவின் எனியாக் உட்கார்ந்துகொண்டது. ஆவணக் காப்பகத்தைக் கட்டுப்படுத்துகிறவனே வரலாற்றையும் கட்டுப்படுத்துகிறான் என்பதற்கு வேறென்ன சாட்சி வேண்டும்?

1993இல் டோனி சேல் என்கிற பொறியாளர் கொலோசஸைத் திரும்பக் கட்டத் தொடங்கினார். கையில் இருந்தவை சில நிழற்படங்கள், விதியை மீறிப் பழைய பொறியாளர்கள் ஒளித்து வைத்திருந்த சில சுற்று வரைபடங்கள், முதியவர்களின் ஞாபகம். அரசு எரித்ததை, அரசுக்குக் கீழ்ப்படியாத கைகள் மீட்டன. 1996இல் எந்திரம் மீண்டும் ஓடியது. ஃபிளவர்ஸ் அங்கே இருந்தார். ஆனால் விசையைப் போட்டவர் கெண்ட் கோமகன். யார் கட்டினாலும் திறப்பு விழா அரச குடும்பத்துக்குத்தான்!

ஓடும் எந்திரம் என்ன சொல்கிறது? வால்வுகளின் வெக்கை, நாடாவின் இரைச்சல், நாடா அறுந்தால் ஒட்டவேண்டிய விரல்கள் இவற்றை எந்த விளக்கப் பலகையும் சொல்லாது. எந்திரம் தானாக எதையும் செய்துவிடவில்லை என்பது அப்போதுதான் உறைக்கிறது. 2007இல் ஜெர்மனியிலிருந்து லோரன்ஸ் சங்கேதத்தில் அனுப்பப்பட்ட செய்தியை உடைக்கும் போட்டியில், ஜெர்மானியர் ஒருவர் தன் மடிக்கணினியால் கொலோசஸை முந்தினார். அதனால் என்ன? முந்துவதற்கு எதிரே ஒரு உயிருள்ள எந்திரம் இருந்தது அல்லவா?

சிக்கலும் உண்டு. அசலை ஓட்டினால் அது தேயும். நகலைத் தொடவிட்டால் அது அசல்தானா என்று கேட்பார்கள். 1951இல் ஓடத் தொடங்கிய ஹார்வெல் டெகாட்ரான் எந்திரத்தை அதே வளாகத்தில் 2012இல் அசல் பாகங்களோடே மீண்டும் ஓடவைத்தார்கள். பத்திரமாகப் பூட்டி வைப்பதுதான் பாதுகாப்பு என்கிற வாதத்துக்கு இது ஒரு பதில்.

இன்னொரு சிக்கல் பெரியது. பார்வையாளர்கள் பழைய எந்திரங்களில் உட்கார்ந்து தட்டிப் பார்க்க அனுமதித்த சியாட்டிலின் லிவிங் கம்ப்யூட்டர்ஸ் அருங்காட்சியகம், மைக்ரோசாஃப்ட் நிறுவனர்களில் ஒருவரான பால் ஆலனின் பணத்தில் நின்றது. அவர் 2018இல் இறந்தார். 2020இல் பெருந்தொற்றோடு கதவு மூடியது. 2024இல், இனித் திறக்காது என்று அறிவித்துவிட்டுப் பொருள்களை ஏலத்துக்கு அனுப்பினார்கள். அரசு தீயில் போட்டது. மூலதனம் ஏலத்தில் விட்டது. இரண்டுக்கும் நடுவே, ஓட்டத் தெரிந்த கைகளும் அதைச் சொல்லிக்கொடுக்கிற கைகளும் மட்டுமே மிச்சம். அந்தக் கைகளுக்குக் கூலியும் இடமும் கேட்பது அருங்காட்சியகத்துக்குள்ளே நடத்த வேண்டிய அரசியல்.