தேவபயம்: ஒரு பிரசங்கம், ஒரு சாவு, ஒரு மன்னிப்புக் கடிதம்

போன கோடை லீவில் எங்கள் வீட்டில் ஒரு வாரம் யாருக்கும் சரியாகத் தூக்கம் இல்லை. காரணம் என் மகள். எட்டு வயசு. ராத்திரி லைட்டை அணைத்தால் அலறுகிறாள். பல்லி, கரப்பான்பூச்சி சமாச்சாரமாக இருக்கும் என்று தலையணை, மெத்தை எல்லாம் உதறிப் பார்த்தாச்சு. நாலாவது நாள்தான் விஷயம் வெளியே வந்தது. வி.பி.எஸ். வகுப்பில் (தெரியாதவர்களுக்கு: விடுமுறை வேதாகமப் பள்ளி) ஒரு அண்ணன் நரகத்தைப் படம் போட்டுக் காட்டியிருக்கிறார். பொய் சொல்கிறவர்கள் எல்லாம் அங்கேதானாம். "நான் போன வாரம் ரெண்டு பொய் சொன்னேம்ப்பா" என்று தேம்பித் தேம்பி அழுகிறாள்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அந்த அண்ணனைப் பிடித்து நாலு கேள்வி கேட்கலாம் என்றுதான் கிளம்பினேன். பாதி வழியில் என் அப்பாயி ஞாபகம் வந்துவிட்டது.

அப்பாயிக்கு ரெண்டு எருமை, பால் வியாபாரம். பாலில் ஒரு சொட்டுத் தண்ணி சேர்க்க மாட்டார். "எல்லாரும்தான் சேக்குறாங்க, நீ மட்டும் என்னத்துக்கு?" என்று யாராவது கேட்டால் பதில் பேசாமல் ஆட்காட்டி விரலை மேலே காட்டுவார். அவ்வளவுதான். அந்த அம்மாவுக்கு தேவபயம் நிறைய உண்டு. ஆனால் வேறு எதுக்கும் பயந்து நான் பார்த்ததில்லை. ராத்திரி நன்றாகத் தூங்குவார், குறட்டையோடு :-)

அப்படியானால் அப்பாயியின் பயமும் என் மகளின் பயமும் ஒண்ணுதானா? ரெண்டுக்கும் ஒரே பேர்தானே வைத்திருக்கிறோம்? இந்தக் கேள்வியோடு வீடு திரும்பி, பழைய புத்தகங்களைக் கிளறியதில் வந்ததுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். டீ போட்டுக்கொண்டு வந்து உட்காருங்கள்.

முதலில் வேதாகமமே இந்த விஷயத்தில் நம்மைக் குழப்பும். கர்த்தருக்குப் பயப்படுவதுதான் ஞானத்தின் ஆரம்பம் என்று நீதிமொழிகள் சொல்லும். பூரண அன்பு பயத்தை வெளியே தள்ளிவிடும் என்று யோவானின் முதல் நிருபம் சொல்லும். யாத்திராகமம் 20ம் அதிகாரத்தில் இன்னும் வேடிக்கை. இடி, மின்னல், புகை பார்த்து நடுங்குகிற ஜனங்களிடம் மோசே 'பயப்படாதீங்க' என்கிறார். அதே மூச்சில், உங்களுக்குள்ளே தேவபயம் இருக்கணும் என்றுதான் அவர் வந்திருக்கிறார் என்கிறார். ஒரே வசனத்தில் பயம் வேண்டாம், பயம் வேண்டும்!

எபிரேயத்தில் 'யிரா' என்ற சொல் திகிலுக்கும் பொருந்தும், மரியாதைக்கும் பொருந்தும். அதனால் எந்த இடத்தில் எது என்று தலைமுறை தலைமுறையாக ஆட்கள் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

அகஸ்டின் (354–430) ஒரு நல்ல உவமை சொல்கிறார். ரெண்டு மனைவிகள். ரெண்டு பேருக்குமே புருஷன் விஷயத்தில் பயம். தப்பு செய்கிறவளுக்கு அவன் வந்துவிடுவானோ என்று பயம். நேசிக்கிறவளுக்கு அவன் விட்டுப் போய்விடுவானோ என்று பயம். பயம் என்னவோ ரெண்டுமே பயம்தான், ஆனால் ஒருத்தி கதவைத் தாழ் போடுகிறாள், இன்னொருத்தி திறந்து வைத்துக்கொண்டு காத்திருக்கிறாள். 13ம் நூற்றாண்டில் தாமஸ் அக்வினாஸ் இதையே பாகுபாடு பண்ணி, அடிமையின் பயம், பிள்ளையின் பயம் என்று பிரித்து வைத்தார். அடிமை தண்டனைக்குப் பயப்படுகிறான். பிள்ளை, அப்பா மனசு நோகுமே என்று பயப்படுகிறது.

மார்ட்டின் லூத்தர் இந்த ரெண்டு பயத்தையும் தன் உடம்பிலேயே அனுபவித்தவர். 1505 ஜூலை 2ம் தேதி, எர்ஃபர்ட் நகருக்குப் பக்கத்தில் ஸ்டாட்டர்ன்ஹைம் என்ற ஊர் அருகே இடியில் மாட்டிக்கொண்டார். 21 வயசுப் பையன். சாவு பயத்தில், பிழைத்தால் துறவி ஆகிவிடுகிறேன் என்று புனித அன்னாளிடம் நேர்ந்துகொண்டார். பதினைந்து நாளில் மடத்துக்குள் போய்விட்டார். 1507ல் முதல் பூசை வைக்கும்போது பலிபீடத்தின் முன்னால் ஆடிப்போனார். மணிக்கணக்கில் பாவசங்கீர்த்தனம் செய்வார், அப்படியும் ஏதாவது விட்டுப்போச்சோ என்று பயம்.

அதே ஆள் 1529ல் குடும்பங்களுக்காகச் சின்னதாய் ஒரு ஞானோபதேசம் எழுதுகிறார். பத்துக் கட்டளைக்கும் விளக்கம் தொடங்கும்போது, பயமும் அன்பும் சேர்ந்தே வரும்படி எழுதியிருக்கிறார். பத்துக்குப் பத்து. 1706ல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய சீகன்பால்கு அதைத் தமிழாக்கினார். நாங்கள் லுத்தரன் குடும்பம் என்பதால் எனக்கும் மனப்பாடம். ஆனால் மனப்பாடம் பண்ணுகிற வயசில் அந்த ரெண்டு வார்த்தையும் ஜோடியாக நிற்பதை நான் கவனிக்கவே இல்லை.

சரி, இப்போ முக்கியமான கதைக்கு வருவோம். இடம் அமெரிக்கா. அதாவது அமெரிக்கா என்று ஒரு நாடு பிறக்கும் முன்னால்.

மாசசூசெட்ஸ் மாகாணத்தில் நார்த்தாம்டன் என்று ஒரு ஊர். அங்கே போதகர் ஜோனதன் எட்வர்ட்ஸ் (1703–1758). அமெரிக்க மண்ணில் தோன்றிய பெரிய சிந்தனையாளர்களில் ஒருவர் என்று இன்றைக்கும் மதிக்கப்படுகிறவர். அவர் தாத்தா சாலமன் ஸ்டாடர்டும் அதே ஊர்ப் போதகர்தான், கிட்டத்தட்ட 60 வருஷம்.

1734–35ல் அந்த ஊரில் ஒரு பெரிய எழுப்புதல். ஆறு மாசத்தில் 300 பேருக்கு மேல் மனம் திரும்பினார்கள் என்று எட்வர்ட்ஸே எழுதுகிறார். மொத்த ஊரே சுமார் 200 குடும்பம்தான்! ஆனால் அந்த எழுப்புதல் எப்படி ஓய்ந்தது தெரியுமா? 1735 ஜூன் 1, ஞாயிற்றுக்கிழமை. ஜோசப் ஹாலி என்ற வியாபாரி தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். அவர் வேற யாரும் இல்லை, எட்வர்ட்ஸின் சொந்தச் சித்தியின் கணவர். தன் ஆத்துமா என்ன ஆகுமோ என்கிற கவலையிலேயே இருந்தவர், ராத்திரி தூக்கம் இல்லாமல் திகிலான விஷயங்களையே யோசித்துக்கொண்டிருந்தார் என்று எட்வர்ட்ஸ் மறைக்காமல் பதிவு பண்ணியிருக்கிறார். மனச்சோர்வு அந்தக் குடும்பத்தில் ஏற்கனவே உண்டு என்றும் சொல்கிறார். அதற்கப்புறம் வேறு சிலருக்கும், நீயும் அப்படியே செய் என்று யாரோ தூண்டுகிற மாதிரி தோன்றியதாம். எட்வர்ட்ஸ் இதைச் சாத்தானின் வேலை என்று எடுத்துக்கொண்டார்.

ராத்திரி தூக்கம் இல்லாமல்... இந்த இடம் வந்தபோது நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, பக்கத்து ரூமில் மகள் தூங்குகிறாளா என்று பார்த்துவிட்டு வந்தேன்.

செத்துப்போனவருக்கு அப்போ 11 வயசில் ஒரு மகன். அவன் பேரும் ஜோசப் ஹாலிதான். அவனை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருவான்.

ஆறு வருஷம் கழித்து, 1741 ஜூலை 8. என்ஃபீல்ட் என்ற ஊர் (அப்போ மாசசூசெட்ஸ் கணக்கில், இப்போ கனெக்டிகட்டில்). எட்வர்ட்ஸ் அங்கே 'கோபமுள்ள தேவனின் கைகளில் பாவிகள்' என்ற பிரசங்கத்தைச் செய்கிறார். அமெரிக்க வரலாற்றிலேயே மிகப் பிரபலமான பிரசங்கம், பள்ளிக்கூடப் பாடப் புத்தகங்கள் வரைக்கும் போயிருக்கிறது. நெருப்புக்கு மேலே சிலந்தியைத் தொங்கவிட்டுப் பிடித்திருக்கிற மாதிரி தேவன் உன்னைப் பிடித்திருக்கிறார், கையை விட்டால் முடிந்தது என்கிற உருவகம் அதில்தான் வருகிறது. அவர் கத்துகிற ஆள் இல்லை. கையால் மேசையைத் தட்டுகிற ஆளும் இல்லை. எழுதி வைத்ததை நிதானமான குரலில் சொல்கிற டைப். ஆனால் பிரசங்கம் முடிவதற்குள்ளேயே ஜனங்கள் ஓலமிட ஆரம்பித்துவிட்டார்கள், அவர் நிறுத்த வேண்டியதாயிற்று என்று அங்கே இருந்த ஸ்டீபன் வில்லியம்ஸ் என்ற போதகர் தன் டைரியில் குறித்து வைத்திருக்கிறார்.

இதில் எனக்கு உறுத்துவது என்னவென்றால், 1735ல் சொந்த உறவிலேயே ஒரு சாவைப் பார்த்தவர் 1741ல் மறுபடி அதே நெருப்பைக் கையில் எடுக்கிறாரே? அவர் தரப்பு நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். நரகம் என்று ஒன்று நிஜமாகவே இருந்தால் அதைச் சொல்லாமல் மறைக்கிறவன்தான் கொடுமைக்காரன், வீடு பற்றி எரியும்போது மெதுவாகவா சொல்லுவாய் என்பது அவர் வாதம். 1742ல் எழுதிய நூலில் சின்னப் பிள்ளைகளை பயமுறுத்துவதில்கூடத் தப்பில்லை என்று வாதாடுகிறார். எங்கள் வி.பி.எஸ். அண்ணனுக்கு இது தெரிந்தால் சந்தோஷப்படுவார் :-(

ஆனால் அவரும் யோசிக்காமல் இல்லை. 1746ல் மத உணர்வுகளைப் பற்றி ஒரு பெரிய நூல் எழுதினார். ஒருத்தன் நடுங்கினான், அழுதான், கீழே விழுந்தான் என்பதெல்லாம் நிஜமான பக்திக்கு அடையாளம் ஆகிவிடாது என்கிறார் அதில். பன்னிரண்டு அடையாளம் சொல்லி, கடைசியாக வைப்பது நடக்கையை. அதாவது அவன் எப்படி வாழ்கிறான் என்று பார். (அவர் நடக்கையையும் பார்க்கணும் இல்லையா? 1731ல் நியூபோர்ட் போய் 14 வயசு கறுப்பினச் சிறுமி ஒருத்தியை அடிமையாக விலைக்கு வாங்கியவர் இவர். அடிமையின் பயம் என்ன என்று அந்தப் பிள்ளையிடம் யாரும் கேட்டு எழுதி வைக்கவில்லை.)

1750 ஜூன் 22ம் தேதி நார்த்தாம்டன் சபை எட்வர்ட்ஸை வேலையை விட்டு அனுப்பியது. திருவிருந்தில் யாரைச் சேர்த்துக்கொள்ளலாம் என்பதில் தாத்தா தளர்த்தி வைத்த விதியைப் பேரன் இறுக்கப் பார்த்தார், அதில் வெடித்த சண்டை. ஊர் சார்பாக அவருக்கு எதிராக முன்னால் நின்று பேசியவர் ஒரு 26 வயசு வக்கீல். ஆமாம், அதே ஜோசப் ஹாலி.

அப்பாவின் சாவுக்குப் பழி வாங்கினாரா? அப்படி எழுதினால் சினிமா மாதிரி இருக்கும். ஆனால் அவர் மனசுக்குள் புகுந்து பார்க்க நம்மால் முடியாது, அதனால் விட்டுவிடுகிறேன். அதற்கப்புறம் நடந்ததுதான் என்னை அசைத்துவிட்டது. எட்வர்ட்ஸ் உயிரோடிருந்தபோதே அவருக்கும் ஹாலிக்கும் இது பற்றிக் கடிதப் போக்குவரத்து நடந்தது. 1758ல் எட்வர்ட்ஸ் அம்மைத்தடுப்பு போட்டுக்கொண்டதில் இறந்துபோனார். 1760ல், எட்வர்ட்ஸின் நண்பரான ஒரு போதகருக்கு ஹாலி எழுதிய நீண்ட கடிதம் பாஸ்டன் பத்திரிகையில் அச்சாகி வந்தது. தான் அந்த மனிதரைப் பற்றி அகங்காரத்தோடும் உண்மைக்கு மாறாகவும் பேசினேன், அதற்காக தேவனிடமும் மனுஷரிடமும் மன்னிப்புக் கேட்கிறேன் என்கிற சாரத்தில்.

யோசித்துப் பாருங்கள். அவரைக் கேள்வி கேட்க ஆளே இல்லை. ஊர் அவர் பக்கம். எதிராளி செத்துப் போயாச்சு. அவர் அப்போ அந்தப் பகுதியில் செல்வாக்கான அரசியல்வாதி. மானம் போகுமே என்ற பயம் வந்திருக்கணும் இல்லையா? அதைவிடப் பெரிசாக ஒரு பயம் உள்ளே இருந்தால்தானே இப்படி ஒரு கடிதம் எழுத முடியும்?

இங்கேதான் எனக்கு அப்பாயியின் விரல் தெரிந்தது.

யாத்திராகமம் முதல் அதிகாரத்தில் சிப்பிராள், பூவாள் என்று ரெண்டு மருத்துவச்சிகள் வருவார்கள். ஆண் குழந்தை பிறந்தால் கொன்றுவிடு என்று எகிப்தின் ராஜாவே கட்டளை போடுகிறான். அவர்கள் கொல்லவில்லை. ஏன் என்றால் தேவனுக்குப் பயந்தார்களாம். ராஜாவுக்குப் பயப்படாமல் இருக்க அந்த பயம் உதவியிருக்கிறது. எட்வர்ட்ஸின் சித்தப்பாவைத் தின்ற பயம் அவரை ஒரு மூலையில் அடைத்துக் கதவைச் சாத்தியது. அவர் மகனின் பயமோ கதவைத் திறந்துகொண்டு தெருவுக்கு வந்து, நான் செய்தது தப்பு என்று சொல்ல வைத்தது. அகஸ்டினின் ரெண்டு மனைவிகள்!

தமிழில் நமக்கு 'பயபக்தி' என்று ஒரு அருமையான வார்த்தை இருக்கிறது. ரெண்டையும் ஒட்டி வைத்திருக்கிறோம். பிரச்னை என்னவென்றால், பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது பாதியை வெட்டிவிட்டு முன்பாதியை மட்டும் கொடுத்துவிடுகிறோம். அது சீக்கிரம் வேலை செய்யும், அதனால்.

அந்த வி.பி.எஸ். அண்ணனை அப்புறம் பார்த்துப் பேசினேன். காலேஜ் படிக்கிற பையன். சண்டை போடவில்லை. "எனக்கும் சின்ன வயசுல இதே மாதிரி படம் காட்டினாங்கண்ணே. ரொம்ப நாள் தூங்கல" என்றான். அவனைக் கோபிக்க எனக்கு மனசு வரவில்லை. அடுத்த வருஷம் வேற படம் காட்டலாம் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

மகளிடம் அப்பாயி கதையைச் சொன்னேன். எருமை, பால், மேலே காட்டுகிற விரல், எல்லாம். ரொம்ப நேரம் பேசாமல் இருந்தாள். மறுநாள் காலையில் அவளாகவே பக்கத்து வீட்டு அத்தையிடம் போய், ரோஜாத் தொட்டியை உடைத்தது பூனை இல்லை, நான்தான் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். அத்தை ஒரு முறுக்கு கொடுத்து அனுப்பினார். ரெண்டு பொய்யில் ஒண்ணு தீர்ந்தது. இன்னொண்ணு என்னவென்று நான் கேட்கவில்லை.

லைட்டை மட்டும் இன்னும் முழுசாக அணைக்க விடவில்லை. ஜீரோ வாட்ஸ் பல்புக்கு மாறியிருக்கிறோம்.

உங்கள் வீடுகளில் 'சாமி கண்ணைக் குத்தும்' எந்த அளவில் ஓடுகிறது மக்களே? எந்தச் சாமியாக இருந்தாலும் பரவாயில்லை, பின்னூட்டத்தில் சொல்லுங்கள்.