ரூபிஸ்கோ: பாக்டீரியாவுக்குள் வர மறுத்த நொதி

தட்டில் விழும் சோற்றிலுள்ள கார்பன் முழுவதும் ஒரு காலத்தில் காற்றில் இருந்ததுதான். அதைப் பிடித்து இலைக்குள் கொண்டுவந்தது ரூபிஸ்கோ என்ற நொதி. இந்த நொதியைச் சோதனைக்கூடத்தில் தயாரிக்க எத்தனை வருடம் ஆயிற்று தெரியுமா?

1947ல் அமெரிக்காவின் கால்டெக்கில் சாம் வைல்ட்மன், ஜேம்ஸ் பானர் இருவரும் கீரை இலைச் சாற்றிலிருந்த புரதங்களைப் பிரித்துப் பார்த்தார்கள். ஒரே ஒரு புரதம் மட்டும் ஏராளமாக இருந்தது. அதற்கு 'பிரிவு 1 புரதம்' என்று பெயர் வைத்தார்கள். அதுதான் ஒளிச்சேர்க்கையில் கார்பன் டை ஆக்சைடைப் பிடிக்கும் நொதி என்பது பிறகுதான் தெரிந்தது. 'ரூபிஸ்கோ' என்ற பெயர் 1979ல் வைல்ட்மனின் ஓய்வு விழாவில், நபிஸ்கோ பிஸ்கட் கம்பெனியை நினைவுபடுத்தி வேடிக்கையாகச் சொல்லப்பட்டது. அந்தப் பெயரே நிலைத்துவிட்டது!

இந்த நொதி பெரிய சோம்பேறி. ஒரு நொடிக்குச் சுமார் மூன்று மூலக்கூறுகளைத்தான் கையாளும். போதாக்குறைக்கு, கார்பன் டை ஆக்சைடு என்று நினைத்து ஆக்சிஜனையும் பிடித்துக்கொள்ளும். இதைத் திருத்தினால் விளைச்சல் கூடலாம் என்று விஞ்ஞானிகள் ஆசைப்பட்டதில் வியப்பில்லை.

திருத்த வேண்டுமானால் மரபணுவை மாற்றி மாற்றிச் சோதிக்க வேண்டும். அதற்குச் சுலபமான வழி ஈ.கோலை பாக்டீரியா. 1978லேயே மனித இன்சுலினை அதில் தயாரித்துவிட்டார்கள். ஆனால் செடியின் ரூபிஸ்கோ மட்டும் வரவில்லை.

காரணம் அதன் அமைப்பு. எட்டு பெரிய துணை அலகுகளும் எட்டு சிறிய துணை அலகுகளும் சேர்ந்தால்தான் ஒரு ரூபிஸ்கோ. பெரியதன் மரபணு பசுங்கணிகத்தில் இருக்கிறது. சிறியதன் மரபணுக்களோ உட்கருவில்! பாக்டீரியாவுக்குள் உருவான பெரிய துணை அலகுகள் சரியாக மடியாமல் கட்டி கட்டியாகத் திரண்டு வீணாயின.

புரதம் தானாகவே மடிந்துகொள்ளும் என்று காட்டியதற்காக 1972ல் கிறிஸ்டியன் அன்ஃபின்சன் நோபல் பரிசு பெற்றிருந்தார். ஆனால் 1980ல் இங்கிலாந்தின் வார்விக் பல்கலைக்கழகத்தில் ஜான் எல்லிஸ் குழுவினர் வேறொன்றைக் கவனித்தார்கள். புதிதாகப் பிறந்த பெரிய துணை அலகு தனியாக இல்லை, இன்னொரு புரதம் அதைத் தாங்கிக்கொண்டிருந்தது. குழந்தைக்கு நடை பழக்குவது போல மடிய உதவும் இத்தகைய புரதங்களுக்குச் சாப்பரோன் என்று பெயர். பாக்டீரியாவிலும் இதன் உறவுப் புரதம் உண்டு என்பது 1988ல் தெரிந்தது. ஆனால் அந்த உறவுக்காரரின் உதவி மட்டும் செடியின் ரூபிஸ்கோவுக்குப் போதவில்லை.

கடைசியில் 2017ல் ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் உயிர்வேதியியல் நிறுவனத்தில் மனஜித் ஹேயர்-ஹார்டில் குழுவினர் வழி கண்டார்கள். அராபிடாப்சிஸ் என்ற சிறு செடியின் இரண்டு வகைத் துணை அலகுகளோடு, அதன் பசுங்கணிகத்தின் சாப்பரோன்களையும் மற்ற உதவிப் புரதங்களையும் ஒரே ஈ.கோலையில் சேர்த்து உருவாக்கினார்கள். நொதி வேலை செய்தது! உதவியாளர்களில் ஒன்றை எடுத்துவிட்டாலும் பலன் குறைந்தது அல்லது இல்லாமலே போனது. 2020ல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் புகையிலையின் ரூபிஸ்கோவும் இப்படியே வந்தது.

முன்பெல்லாம் ஒரு மாற்றத்தைச் சோதிக்கச் செடியையே மாற்றி, வளரும்வரை மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். பாக்டீரியாவிலோ சில நாட்களே போதும். சோம்பேறியைச் சுறுசுறுப்பாக்கும் வேலை இன்னும் முடியவில்லை. ஆனால் அந்த வேலையைத் தொடங்கும் கதவு திறக்கவே எழுபது வருடம் ஆகியிருக்கிறது.