எழுதாத கடிதம்

திருச்சியிலிருந்து துறையூர் போகும் சாலையில், மண்ணச்சநல்லூரைத் தாண்டிப் போனால் திருவெள்ளறை வரும். புண்டரீகாக்ஷப் பெருமாளைச் சேவித்துவிட்டுத் திரும்புகிறவர்களில் பலர், கோயிலை அடுத்திருக்கும் கிணற்றைப் பார்க்காமலே பஸ் ஏறிவிடுகிறார்கள். தந்திவர்ம பல்லவன் காலத்தில், கி.பி. 800-ஐ ஒட்டி, கம்பன் அரையன் என்பவன் வெட்டுவித்த கிணறு அது. கல்வெட்டில் அதன் பெயர் மார்ப்பிடுகு பெருங்கிணறு. ஊரார் வாயில் நாலுமூலைக் கேணி. நான்கு பக்கமும் படிகள் இறங்கி, ஸ்வஸ்திகத்தின் கைகளைப்போல் மடங்குகின்றன. ஒரு துறையில் நிற்பவருக்கு அடுத்த துறையில் இருப்பவர் முகம் தெரியாது. பேச்சு மட்டும் காதில் விழும்.

முகமில்லாத பேச்சு என்றதும் எனக்கு இந்த ஊர் அத்தையின் நினைவு வந்துவிடுகிறது. ரத்த சம்பந்தமில்லை, தெரு முறையில் அத்தை. 1973-இல் எண்ணெய் விலை ஏறியபிறகு, வளைகுடா நாடுகளில் கட்டட வேலைக்கு ஆள் தேவைப்பட்டது. திருச்சி, தஞ்சாவூர்ப் பக்கங்களிலிருந்து போனவர்களோடு அத்தையின் புருஷரும் போனார். அத்தைக்கு எழுத்து வாசனை கிடையாது. எட்டாம் வகுப்பு மாணவனான நான்தான் அவளுடைய எழுத்தர்.

"மழை பேஞ்சா வீடு பூரா ஒழுகுது, ராத்திரி பூரா உக்காந்தே இருக்கோம்னு எழுதுடா தம்பி" என்பாள். நான் ஏரோகிராமில், "இங்கு அனைவரும் நலம். மழை நன்கு பெய்கிறது" என்று எழுதுவேன். கடிதம் என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். இதுவாவது போகட்டும். சில சமயம் ஏதோ சொல்ல வாயெடுப்பாள். என் முகத்தைப் பார்ப்பாள். "வேண்டாம், அதை எழுதாதே" என்று நிறுத்திக்கொள்வாள். அவள் ஒன்றும் சொல்லவேயில்லையே, எதை எழுதாமலிருப்பது என்று நான் விழிப்பேன்.

இந்தத் தொல்லைக்கு மருந்து நூறு வருஷம் முன்பே தயாராகியிருந்தது என்பதைப் பிற்காலத்தில் படித்தபோது சிரிப்பும் வந்தது, வருத்தமும் வந்தது. 1877-இல் எடிசன் போனோகிராப்பைக் கண்டுபிடித்தார். மறு வருஷமே, அதனால் என்னென்ன செய்யலாம் என்று பத்திரிகையில் ஒரு பட்டியல் எழுதினார். அதில் முதலிடம் கடிதத்துக்கு: எழுத்தர் இல்லாமலே ஒருவர் தம் குரலில் கடிதம் அனுப்பலாம். சங்கீதம் நாலாவது இடத்தில்தான் இருந்தது. உலகம் பட்டியலைத் தலைகீழாக்கியது. இசைத்தட்டு வீதிக்கு வீதி பாடிற்று. குரல் கடிதம் பின்தங்கிப் போயிற்று.

1963-இல் பிலிப்ஸ் கம்பெனியார் கொண்டுவந்த கேஸட் அதை மறுபடி கைக்கு எட்டும்படி செய்தது. வளைகுடாவிலிருந்து விடுமுறைக்கு வருகிறவர்கள் டேப்ரிக்கார்டரையும் சோப்புக் கட்டிகளையும் போலவே, நண்பர்கள் பேசிக் கொடுத்த கேஸட்டுகளையும் சுமந்து வந்தார்கள். அத்தைக்கும் ஒன்று வந்தது. தெருவே கூடிக் கேட்டது. புருஷர் ஒவ்வொருவர் பெயராகச் சொல்லிக் குசலம் விசாரித்தார். அத்தைக்கென்று பிரத்தியேகமாக ஒரு வார்த்தை இல்லை. ஊரே கேட்கும் என்று அவருக்குத் தெரியாதா? அவர் திரும்பி வந்து காலமானபின் அந்தக் கேஸட்டைத் தேடினார்கள். பையன் அதன்மேல் சினிமாப் பாட்டுப் பதிந்திருந்தான்.

அந்தப் பையன் இப்போது சிங்கப்பூரில் இருக்கிறான். அத்தைக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது. கையில் செல்போன், அதில் வாட்ஸப். 2013 ஆகஸ்டில் வாட்ஸப்பில் குரல் அஞ்சல் வந்தது. மைக் படத்தை அழுத்திப் பிடித்துப் பேச வேண்டும். விரலை எடுத்தால் போய்விடும். படிப்புத் தேவையில்லை. உள்ளே நடப்பது வேடிக்கையான வேலை: குரலை விநாடியில் ஐம்பதில் ஒரு பங்கு போன்ற சிறு துண்டுகளாக நறுக்கி, ஒவ்வொன்றையும் எண்களாகச் சுருக்கி அனுப்புகிறது; அந்தப் பக்கத்துப் போன் எண்களைக் குரலாக விரித்துக்கொள்கிறது. 2022-இல் அந்தக் கம்பெனி சொன்ன கணக்குப்படி, ஒரு நாளைக்கு 700 கோடி குரல் அஞ்சல்கள்! 2016 ஏப்ரலிலிருந்து, பேசுகிறவரும் கேட்கிறவரும் தவிர நடுவில் வேறு யாரும் திறக்க முடியாதபடி பூட்டும் போட்டிருக்கிறார்கள். என்னைப் போன்ற எட்டாம் வகுப்புக்காரனுக்கு அங்கே வேலையில்லை.

சென்ற மாதம் அத்தையைப் பார்க்கப் போயிருந்தேன். திண்ணையில் போனும் கையுமாக இருந்தாள்.

"இதிலே பேசினது எத்தனை நாளைக்குடா இருக்கும்?"

"அழிக்காமலிருந்தால் இருக்கும் அத்தை. போன் கெட்டால் போனாலும் போகும். பிரதி எடுத்து வைக்கச் சொல்லுங்கள்."

"அந்தக் கேஸட்டு மாதிரி ஆயிடக்கூடாது" என்றாள். பிறகு போனை வாய்க்கருகே கொண்டுபோனவள், என்னை ஏறிட்டுப் பார்த்தாள். எனக்குப் பழக்கமான அதே பார்வை.

"தம்பி, நீ செத்த கேணிப் பக்கம் போயிட்டு வாயேன். நான் அவன்கிட்டப் பேசணும்."

செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.