ஒரு பசுவுக்குச் சமாதி பிறந்த கதை

திருவண்ணாமலையில் கிரிவலப் பாதையைப் பிடித்து நடந்தால், மலைக்குத் தெற்கே செங்கம் சாலையில் ரமணாசிரமம் வரும். அங்கே ஒரு காகம், மான், நாய், பசு ஆகிய நான்குக்கும் சமாதி உண்டு. பசுவின் சமாதிமேல் அவளுடைய உருவத்தையே கல்லில் வடித்து வைத்திருக்கிறார்கள்.

1926இல் குடியாத்தத்தை அடுத்த குமாரமங்கலத்து அருணாசலம் பிள்ளை ஒரு பசுவையும் அதன் கிடாரிக் கன்றையும் ரமணருக்குக் காணிக்கையாக ஓட்டி வந்தார். ஆசிரமத்தில் அப்போது மாட்டுக் கொட்டகை கிடையாது. பார்த்துக்கொள்ள ஆளும் இல்லை. திருப்பி ஓட்டிப் போகச் சொன்னார் ரமணர். வந்தவர் மசியவில்லை. கடைசியில் அங்கிருந்த ராமநாத பிரம்மச்சாரி பொறுப்பேற்றார். அந்தக் கன்றுதான் லட்சுமி. சில மாதங்களில் தாயும் கன்றும் ஊருக்குள் பசுபதி ஐயர் வீட்டுக்குப் போயின.

பின்னொரு நாள் ஐயர் இரண்டையும் ரமணரிடம் அழைத்து வந்து காட்டிவிட்டுத் திரும்பினார். வழி தெரிந்ததுதான் தாமதம், லட்சுமி தினமும் ஊரிலிருந்து தானாகவே நடந்து வரத் தொடங்கினாள்; பொழுது சாய்ந்ததும் வீடு திரும்பினாள். கயிறு பிடித்துக் கூட்டி வர ஆளில்லை. ரமணர் தடவிக் கொடுப்பார், பழம் கொடுப்பார். பிறகு ஆசிரமமே அவள் வீடானது. சேலம் சுந்தரம் செட்டியார் உதவியில் கோசாலையும் எழுந்தது.

1948 ஜூன் 18, வெள்ளிக்கிழமை. நோயுற்றுக் கிடந்த லட்சுமியின் அருகில் ரமணர் போய் உட்கார்ந்தார். தலையிலும் நெஞ்சிலும் கை வைத்திருந்தார். அவள் உயிர் பிரிந்ததும் நீராட்டி, மாலை சூட்டி, மற்ற சமாதிகளுக்குப் பக்கத்தில் அடக்கம் செய்தார்கள். அவள் முக்தியடைந்த நாளைக் குறித்து ரமணர் தமிழில் ஒரு பாடல் எழுதினார். முக்தி என்றது உபசாரமா, உண்மையா என்று பக்தர் தேவராஜ முதலியார் கேட்டார். உண்மையே என்றார் ரமணர்.

இந்தப் பாசத்துக்குப் பக்தர்கள் ஒரு காரணமும் கண்டார்கள். மலையில் கீரை பறித்துச் சமைத்து ரமணருக்கு ஊட்டிய கீரைப்பாட்டிதான் லட்சுமியாகப் பிறந்தாள் என்றார்கள். மாட்டுக்குள் ஒரு மனுஷியை வைத்தால்தான் அந்தப் பாசம் நமக்கு நம்பும்படி இருக்கிறது போலும்.

ஆனால் சாதாரண மாட்டுக்கும் மனம் உண்டு. விசையை அழுத்தித் தீவன வாசலைத் திறக்கக் கற்றுக்கொண்ட கிடாரிகளின் இதயத் துடிப்பு, கற்றுத் தேறும் வேளையில் கூடியதை 2004இல் இங்கிலாந்து ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். பழகிய துணையோடு அடைத்த பசுவின் துடிப்பு, முன்பின் தெரியாத மாட்டோடு அடைத்தபோது இருந்ததைவிடக் குறைந்தது என்று 2011இல் நார்த்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் செய்த ஆய்வு காட்டியது.

கறவைக்காரருக்கு இது புதுச் செய்தி அல்ல. கன்று செத்தால் அதன் தோலில் வைக்கோல் திணித்துத் தாயின் முன் நிறுத்துவது நம் ஊர் வழக்கம். அந்தத் தோலை நக்கியபடியே பசு பாலைச் சுரக்கும். தாய்க்குப் பாசம் இல்லை என்று நினைப்பவருக்கு இந்த யோசனையே தோன்றாது. பொம்மை வைக்கச் சலித்தவர்கள் ஊசிக்கு மாறினார்கள். உடல்நலம் கெடும்படி ஊசி போட்டுப் பால் கறப்பதை மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 12ஆம் பிரிவு குற்றமாக்குகிறது. ருக்மணி தேவி அருண்டேலின் முயற்சியில் 1960இல் பிறந்த சட்டம் அது.

ஆக, பசுவுக்கு மனம் இருப்பது தொழுவத்தில் எப்போதோ முடிந்துபோன விவாதம். அதைத் தெரிந்துகொண்டு என்ன செய்கிறோம் என்பதில்தான் வேறுபாடு. தோல் கன்றை நிறுத்தியவரும் ரமணரும் ஒரே உண்மையைத்தான் கண்டார்கள். ஒருவர் அதை வைத்துப் பால் கறந்தார். மற்றவர் சாகும் நேரத்தில் அருகில் உட்கார்ந்தார். எல்லா மாட்டுக்கும் சமாதி கட்ட நம்மால் ஆகாது. கன்றுக்கு முதல் பங்குப் பாலும், கறவை வற்றிய பின்னும் தொழுவத்தில் ஓர் இடமும் கொடுக்கலாம். அதற்கு மாடு முற்பிறவியில் யாராகவும் இருந்திருக்க வேண்டியதில்லை.